நடைவழியில் ஒளிப்படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காலையிலோ மாலையிலோ நடக்கப் போகும்போது கண்ணில் படும் பறவைகளையும் பூச்சிகளையும் சிறு விலங்குகளையும் படமெடுப்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். காட்டுப் பயணம் போய்ப் பெரிய விலங்குகளைப் படமெடுப்பவர்களின் தேவைகள் வேறு. இங்கே பேசப்படுவது குளக்கரை, வயல்வரப்பு, பூங்கா, தெருவோர மரம் ஆகியவற்றோடு நின்றுவிடும் நடைகளைப் பற்றி மட்டுமே.

கேள்வி: கேமராவைத் தூக்கிய மறுகணமே பறவை பறந்துவிடுகிறது. எவ்வளவு மெதுவாக நெருங்கினாலும் பலனில்லை. பச்சை உடை அணிந்து போனால் சரியாகுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: உடையின் நிறத்தைவிட உங்கள் அசைவுதான் பறவைக்கு முதலில் தெரிகிறது. கண்ணைப் பறிக்கும் வெள்ளையையும் பளபளக்கும் துணியையும் தவிர்த்தால் போதும். அதற்கு மேல் உடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பறவையின் மேலேயே கண் வைத்து, நேர்கோட்டில் அதை நோக்கி நடப்பதுதான் பெரும்பாலும் அதை விரட்டுகிறது. வேட்டை விலங்கும் அப்படித்தான் வரும் என்பதால் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அந்த நடையைப் பறவை பொறுத்துக்கொள்வதில்லை. அதைக் கடந்து வேறெங்கோ போகிறவரைப் போலச் சாய்வாக நடந்து, சில அடிகளுக்கு ஒருமுறை நின்று, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் அதே பறவை இன்னும் பல அடி தூரம் உங்களை அனுமதிக்கும். கேமராவைத் தூக்கும் கையசைவும் பெரிய அசைவே. ஆகையால் தொலைவில் இருக்கும்போதே அதை முகத்தருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டு நெருங்குங்கள்.

பறவை பறக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பதையும் கவனித்துப் பழக வேண்டும். இரை பொறுக்கிக்கொண்டிருந்தது அதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டும், இறகுகளை உடலோடு ஒட்டி இறுக்கிக்கொள்ளும், வாலைச் சொடுக்கும், உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி எதிர்த்திசையைப் பார்க்கும், பல வேளைகளில் எச்சமிட்டுவிட்டு எழும்பும். கழுத்து நீண்டதைக் கண்டவுடனேயே அப்படியே நின்றுவிட வேண்டும். சற்று நேரத்தில் அது மறுபடியும் இரை தேடத் தொடங்கினால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். தொடங்காவிட்டால் ஓரடி பின்வாங்குங்கள். செய்துகொண்டிருந்த வேலையை நம்மால் நிறுத்தாத பறவையின் படத்தில்தான் அந்தப் பறவை இருக்கிறது. நம்மைக் கண்டு விறைத்து நிற்கும் பறவையின் படத்தில் அதன் அச்சம் மட்டுமே இருக்கிறது.

ஆனால் நெருங்குவதைவிடக் காத்திருப்பது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. பஞ்சுருட்டான், கரிச்சான், ஈப்பிடிப்பான், மீன்கொத்தி ஆகியவை ஒரு கிளையிலிருந்து பாய்ந்து இரையைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பி வருகின்றன. பறவை இரைக்குப் பறந்திருக்கும் நேரத்தில் கிளைக்கு ஓரளவு அருகே, சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு வந்து அமர்ந்துகொண்டால் அது தானாகவே உங்கள் முன் வந்து உட்காரும். தட்டான்களில் பலவும் இதே பழக்கம் உடையவை. காற்றின் திசையையும் பாருங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன, காற்றை எதிர்த்தே இறங்குகின்றன. காற்று உங்கள் முதுகில் படுமாறு நின்றால் எழும் பறவையின் முகம் உங்கள் பக்கம் இருக்கும். எதிர்ப்புறம் நின்றால் வால் மட்டுமே கிடைக்கும்.

மறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கலையைப் போலவே பழையது. இங்கிலாந்தில் 1892-இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டை அதன் இடத்திலேயே படமெடுத்த ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள், பின்னர் உள்ளீடற்ற பொய்க் காளை ஒன்றைச் செய்து அதற்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டு படமெடுத்தார்கள். நமக்கு ஒரு புதரின் நிழலோ மரத்தின் அடிப்பகுதியோ போதும். உட்கார்ந்துகொள்வதில் இன்னொரு நன்மையும் உண்டு: தரையில் மேயும் பறவையின் கண்மட்டத்திற்கு உங்கள் லென்ஸ் இறங்கிவிடுகிறது. பின்னணி தூரமாகி மங்கலாகிவிடுவதால், மேலிருந்து குனிந்து எடுத்த படத்துக்கு இல்லாத நெருக்கம் அதில் வந்துவிடுகிறது.

கேள்வி: என்னிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பறவைகளை எடுக்க முயல்வது வீண் வேலையா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: தொலைவிலுள்ள பறவையை அழகாக எடுக்க முடியாது என்பது உண்மை. கைப்பேசியில் இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது, தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் உள் லென்ஸின் (டெலி லென்ஸ்) எல்லையைத் தாண்டியபின், படத்தை வெட்டி விரிப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. ஆனால் வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். எந்தப் பறவை, எந்த மரத்தில், என்ன தின்றது என்பதற்கு மங்கலான படமும் சான்றாகும். பைனாகுலர் இருந்தால் அதன் கண்ணாடியில் கைப்பேசியின் லென்ஸைச் சரியாகப் பொருத்திப் பிடித்து எடுத்துப் பாருங்கள். கை பழகச் சில நாட்கள் ஆகும். பைனாகுலரை ஒரு கிளைமீதோ கைப்பிடிச் சுவர்மீதோ தாங்கிக்கொண்டால் எளிதாகும்.

கைப்பேசி உண்மையிலேயே சிறந்து விளங்கும் இடம் வேறு. வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, தவளை, ஓணான், ஊசித்தட்டான் ஆகியவற்றை அரையடித் தொலைவில் எடுக்கும்போது, ஒளியைப் பதிவுசெய்யும் அதன் சிறிய சென்சாரே உதவியாகிறது. பெரிய கேமராவில் பூச்சியின் கண் மட்டும் தெளிவாகி இறக்கை மங்கிப்போகும் இடத்தில், கைப்பேசி இரண்டையும் தெளிவாகத் தந்துவிடுகிறது. விடியலுக்குச் சற்றுப் பின் போங்கள். தம் உடலைச் சூடாக்கிக்கொள்ளச் சூரிய ஒளியை நம்பியிருக்கும் வண்ணத்துப்பூச்சிகள் அப்போது இறக்கைகளை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உடனே பறக்கவும் அவற்றால் இயலாது. மழைக்குப்பின் ஈரமண்ணில் அவை கூட்டமாக அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும் வேளையும் நல்ல வேளை. உங்கள் நிழல் மட்டும் அவற்றின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் கேமராவாக எதை வாங்கலாம்?
– வாசகர்கள் பலர்

பதில்: பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதைவிட எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸைக் கழற்ற முடியாத நீள்ஜூம் கேமராக்கள் எடை குறைவாகவும் எட்டும் தூரம் மிக அதிகமாகவும் உள்ளவை. 2018-இல் வந்த நிக்கான் பி1000, 3000 மி.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸுக்கு நிகரான 125 மடங்கு ஜூமைக் கொண்டது. ஆனால் இவற்றின் சென்சார் சிறியது என்பதால் ஒளி குறைந்த அதிகாலையிலும் அடர்மர நிழலிலும் படத்தில் மணல்மணலாகப் புள்ளிகள் தோன்றும். பறக்கும் பறவையைத் தொடர்வதும் கடினம். லென்ஸ் மாற்றத்தக்க கேமராவும் 400 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸும் இந்தக் குறைகளைத் தீர்க்கும்; செலவும் சுமையும் கூடும். இரண்டு மணி நேர நடையில் கழுத்தில் தொங்கினாலும் தொந்தரவு தராத எடையே உங்களுக்கு ஏற்ற எடை. கனம் காரணமாக வீட்டில் விட்டுச்செல்லப்படும் கேமரா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதனால் பயனில்லை. அது போலவே, பறவைகளைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் கேமராவுக்கு முன்னால் ஒரு நல்ல 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி உள்ள) பைனாகுலரை வாங்குவதே முறை என்று நினைக்கிறேன். பார்க்கக் கற்றுக்கொள்ளாத கண்ணுக்குக் கேமரா எதையும் காட்டாது.

கேள்வி: கொக்கை எடுத்தால் இறகின் நுணுக்கம் எதுவும் தெரியாமல் வெண்மையாக வெளுத்துவிடுகிறது. காகத்தை எடுத்தால் கரிய உருவம் மட்டுமே மிஞ்சுகிறது. பறக்கும்போது எடுத்தால் இரண்டுமே கலங்கிப்போகின்றன. எந்த அமைப்பில் வைக்க வேண்டும்?
– வங்கி ஊழியர் ஒருவர்

பதில்: கேமரா தன் முன்னால் உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் ஒளியளவுக்குக் கொண்டுவரவே முயல்கிறது, அதில் முக்கியமானது கொக்கா, சேறா என்று அதற்குத் தெரியாது. கரும்பச்சை நீரின் நடுவே ஒரு சிறு கொக்கு நின்றால் காட்சி இருட்டாக இருக்கிறது என்று எண்ணி அது ஒளியைக் கூட்டுகிறது; கொக்கு வெளுத்துவிடுகிறது. வெளிறிய வானத்தின் முன் காகம் அமர்ந்தால் வெளிச்சம் மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைக்கிறது, காகம் கரிக்கட்டையாகிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேமராவில் உள்ள எக்ஸ்போஷர் திருத்தத்தைக் கொக்குக்கு மைனஸ் ஒன்று வரையிலும், வானத்தின் முன் அமர்ந்த காகத்துக்குப் பிளஸ் ஒன்று முதல் இரண்டு வரையிலும் மாற்றி எடுத்துப் பாருங்கள். கொக்கு படச்சட்டம் முழுவதையும் நிரப்பும் அளவு அருகே இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. அப்போது கேமராவே அதைச் சாம்பலாக்கிவிடும் என்பதால் பிளஸ் பக்கம் போக வேண்டும். வெளுத்துப்போன இடத்தில் பின்னர் எதையும் மீட்க முடியாது. இருண்ட இடத்திலிருந்து, ‘ரா’ கோப்பாக (கேமரா பதிந்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக) எடுத்திருந்தால், ஓரளவு மீட்கலாம். ஐயமாக இருந்தால் சற்று இருட்டாகவே எடுங்கள்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகமே, அதாவது ஒளி எவ்வளவு நேரம் பதிவாகிறது என்பதே, முதன்மை. கொக்கு, நாரை, பருந்து போன்று மெதுவாக இறக்கையடிப்பவற்றுக்கு 1/1000 நொடி போதுமாக இருக்கும். சிட்டு, மீன்கொத்தி போன்றவற்றுக்கு 1/2000 அல்லது அதற்கும் மேல் வேண்டும். இந்த வேகத்தை நீங்கள் நிர்ணயித்துவிட்டு ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவைக் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளிகள் வருமே என்று பலர் அஞ்சுகிறார்கள். புள்ளிகளை மென்பொருளால் குறைக்க முடியும். கலங்கிய இறக்கையைத் திருத்த முடியாது. ஃபோகஸ், பறவை நகர நகரத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் தொடர்முறையில் இருக்கட்டும். புதிய கேமராக்களில் விலங்குகளின் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதை அணைக்காதீர்கள். ஓசையில்லாத மின்னணு ஷட்டர் பறவையை உலுக்காது என்பதால் நல்லதுதான். ஆனால் பல கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் வேகமாக அடிக்கும் இறக்கை வளைந்து பதிவாகலாம்.

கேள்வி: நண்பகலில் எடுத்த படங்களில், ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தும், தொலைவிலுள்ள பறவைகள் நீருக்கடியில் இருப்பது போல் நெளிகின்றன. லென்ஸில் குறையா?
– பொறியாளர் ஒருவர்

பதில்: லென்ஸில் குறை இல்லை. சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று ஒளியை வளைப்பதால் வருவது இது. எந்த விலையுள்ள லென்ஸாலும் இதைச் சரிசெய்ய இயலாது. காலை வேளையில் போவதே நல்ல வழி.

கேள்வி: தேன்சிட்டின் கழுத்து கண்ணுக்கு ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறது. படத்தில் கறுப்பாக இருக்கிறது. ஏன்?
– எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர்

பதில்: மிக நல்ல கேள்வி. அந்த நிறம் சாயத்தால் ஆனதன்று. தேன்சிட்டின் இறகு நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்னும் கரும்பொருளின் நுண்துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் வலுப்படுத்தி, குறிப்பிட்ட திசையில் அனுப்புகின்றன. சோப்புக் குமிழியில் நிறங்கள் தோன்றுவதும் இத்தகைய காரணத்தால்தான். அந்தத் திசையில் உன் கண் இருந்தால் ஊதா தெரியும். இல்லாவிட்டால் கரும்பொருளின் கறுப்பு மட்டுமே தெரியும். நேரில் பார்க்கும்போது பறவை தலையை அசைத்துக்கொண்டே இருப்பதால் ஏதோ ஒரு கணத்தில் மின்னல் உன்னை எட்டிவிடுகிறது. படமோ ஒரே ஒரு கணத்தை மட்டுமே பிடிக்கிறது. எனவே சூரியனை முதுகுப்பக்கம் வைத்து நின்று, அது பூவில் தேன் குடிக்கும்போது தொடர்ச்சியாகப் பல படங்கள் எடு. அவற்றில் ஒன்றிரண்டில் நிறம் கிடைக்கும்.

மீன்கொத்தியின் நீலமும் இறகின் அமைப்பால் உண்டாவதே. ஆனால் அதன் நுண்ணமைப்பு கடற்பஞ்சு போல் ஒழுங்கற்றதாக இருப்பதால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே நீலம் தெரிகிறது. மயில் தோகையைக் கையில் எடுத்து மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறகு மீன்கொத்தியின் பல படங்களை ஒப்பிட்டுப் பார். வேறுபாடு உனக்கே புரியும்.

கேள்வி: எங்கள் வீட்டு வேலியில் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டிருக்கிறது. இலைகளைச் சற்று ஒதுக்கிவிட்டுக் குஞ்சு பொரிப்பது முதல் பறப்பது வரை தினமும் ஒரு படம் எடுக்க ஆசை. தொடாமல் எடுத்தால் தவறில்லையே?
– வாசகி ஒருவர்

பதில்: ஆசை புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். தொடாமல் எடுத்தாலும் வேண்டாம். அந்த இலைகள்தாம் கூட்டின் கூரையும் கதவும். ஒதுக்கப்பட்ட இலையின் இடைவெளி வழியாக நண்பகல் வெயில் நேரே விழுந்தால் இறகு முளைக்காத குஞ்சுகள் மிகக் குறுகிய நேரத்தில் மடிந்துவிடும். காகங்களும் பூனைகளும் மனிதர் அடிக்கடி குனிந்து பார்க்கும் இடத்தைக் கவனிக்கின்றன. நீங்கள் தினமும் போகும் தடமே கூட்டுக்கு வழிகாட்டியாகிவிடலாம். தாய்ப்பறவை விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்கிறது அல்லது சூடேறுகிறது. குஞ்சுகள் வளர்ந்து, கூட்டை விட்டுக் கிளம்பும் நாள் நெருங்கும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது: அருகே வரும் உருவத்தைக் கண்டு, பறக்கத் தெரியாத நிலையிலேயே அவை வெளியே குதித்துவிடும். குதித்தவற்றைத் திரும்பக் கூட்டில் வைத்தாலும் பெரும்பாலும் அவை அங்கே தங்குவதில்லை.

ஒளிப்படக் கலையின் தொடக்க காலத்தில் கூடுகளே முக்கிய இலக்காக இருந்தன. அன்றைய லென்ஸ்களுக்குத் தூரம் எட்டாது என்பதும், கூட்டுக்குப் பறவை திரும்பி வந்தே தீரும் என்பதும் அதற்குக் காரணங்கள். எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவை ஒளிப்படக்காரர் 1937-இல் ஆந்தைக் கூடு ஒன்றின் அருகே சென்றபோது தாய் ஆந்தை தாக்கியதில் தன் இடது கண்ணை இழந்தார். குஞ்சுகள் உள்ள ஒரு பறவை நம்மை என்னவாகக் காண்கிறது என்பதை அந்த நிகழ்ச்சியிலிருந்து அறிந்துகொள்ளலாம். வேலியில் உள்ள சிறு பறவையால் அப்படித் தாக்க முடியாது. அது விலகிப் போய்க் கதறுவதோடு நின்றுவிடும், அல்லது கூட்டையே கைவிட்டுவிடும். இன்று கூடுகளின் நெருக்கப் படங்களை ஏற்க மறுக்கும் ஒளிப்படப் போட்டிகள் இருக்கின்றன; கூடுகட்டும் பறவைகளைத் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கியுள்ள நாடுகளும் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வீட்டு ஜன்னலுக்குள், திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, தாய்தந்தை எந்தக் கொடியின் வழியாகக் கூட்டுக்குள் நுழைகின்றன என்று பாருங்கள். கூட்டிலிருந்து தள்ளி, அவை வழியில் ஒரு நொடி நின்று சுற்றிப் பார்க்கும் கிளை ஒன்று நிச்சயமாக இருக்கும். அலகில் புழுவோடு அந்தக் கிளையில் நிற்கும் பறவையை எடுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை முறை வருகிறது, என்ன கொண்டுவருகிறது என்று எழுதி வையுங்கள். கூட்டைத் திறந்து எடுத்த படத்தைவிட அந்தக் குறிப்பேடு மதிப்புள்ளது.

கேள்வி: கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால் அது வெளியே வருகிறது. இதில் தவறு உண்டா?
– ஒளிப்பட ஆர்வலர் ஒருவர்

பதில்: அது வருவது உங்கள்மீதுள்ள நட்பால் அன்று. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நம்பிச் சண்டைக்கு வருகிறது. இரை தேடவும் துணையைக் காக்கவும் குஞ்சுகளுக்கு ஊட்டவும் செலவிட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் செலவிடுகிறது. பலர் நடக்கும் பாதையில் ஒவ்வொருவரும் இதைச் செய்தால் அந்தப் பறவையின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் கூடவே கூடாது. மற்றக் காலத்திலும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: படம் எடுத்துவிடுகிறேன், பெயர்தான் தெரிவதில்லை. இணையத்தில் கேட்டால் “படம் போதாது” என்கிறார்கள். வேறு எப்படி எடுப்பது?
– மருந்தகப் பணியாளர் ஒருவர்

பதில்: அழகான படத்துக்கும் அடையாளம் காண உதவும் படத்துக்கும் தேவைகள் வேறு. முதலில் எடுக்கும் படம் எப்படியிருந்தாலும் சரி, பறவை பறப்பதற்குள் ஒன்றை எடுத்துவிடுங்கள். பிறகு பக்கவாட்டில் முழு உடலும், அலகின் வடிவம் தெரிய முகமும், கால்களின் நிறமும், வாலின் அடிப்புறமும், முடிந்தால் விரிந்த இறக்கையும் தனித்தனியே வருமாறு எடுங்கள். கதிர்க்குருவிகள், கழுகினங்கள் போன்றவற்றில் ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இத்தகைய சிறு அடையாளங்களே. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மாலை வெயில் வெள்ளையையும் பொன்னிறமாக்கிவிடும். குரல் கேட்டால் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். தோற்றத்தால் பிரிக்க முடியாத சில இனங்களைக் குரலால் பிரித்துவிடலாம்.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி படத்தைப் பார்த்தும் ஒலியைக் கேட்டும் பெயரைப் பரிந்துரைக்கும். அது தருவது பரிந்துரை மட்டுமே. அந்த இனம் உங்கள் பகுதியில் அந்தப் பருவத்தில் இருக்கக்கூடியதா என்பதை நீங்கள் சரிபார்க்க வேண்டும். பூச்சி, தவளை, செடி ஆகியவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையத்தளம் ஏற்றது. அங்கே செயலியின் பரிந்துரையை மனிதர்கள் பார்த்து உறுதிசெய்கிறார்கள். பறவைகளுக்கு 2002-இல் தொடங்கப்பட்ட ஈபேர்டு என்னும் பதிவுத் தளம் இருக்கிறது. அதில் அன்று பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பதிவுசெய்தால் உங்கள் நடை ஆய்வாளர்களுக்கும் தரவாகிறது. காகத்தையும் மைனாவையும் பதிவுசெய்யாமல் விட்டுவிடாதீர்கள். பொதுவான பறவை குறைந்துவருவதை எவரும் கவனிக்காமல் போவது அதைப் பதிவுசெய்ய எவரும் மெனக்கெடாததால்தான்.

இடத்தைப் பகிர்வதில் மட்டும் எச்சரிக்கை தேவை. அரிய ஆந்தை ஒன்று பகலில் அடையும் மரத்தை ஒருவர் சொல்லிவிட்டால் மறுநாளே அங்கே கூட்டம் கூடிவிடும். ஐநேச்சுரலிஸ்ட்டில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள பல இனங்களுக்கு அது தானாகவே மறைத்துவிடுகிறது. சமூக ஊடகத்தில் இடுவதற்கு முன் படத்துக்குள் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: பறவையின் முன்னால் குறுக்கிட்ட குச்சியை மென்பொருளால் அழித்துவிட்டேன். நண்பர் அது ஏமாற்று வேலை என்கிறார்.
– தட்டச்சுப் பணியாளர் ஒருவர்

பதில்: சுவரில் மாட்டுவதற்கு என்றால் உங்கள் விருப்பம். போட்டிக்கோ அடையாளம் காண்பதற்கோ அனுப்புவதானால் நண்பர் சொல்வதே சரி. வெளிச்சத்தைத் திருத்தலாம், ஓரங்களை வெட்டலாம். இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது என்பதே பெரும்பாலான இயற்கை ஒளிப்படப் போட்டிகளின் விதி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் அடுத்த ஆண்டே தகுதிநீக்கம் செய்யப்பட்டது. படமெடுத்தவர் அதை மறுத்தார். இயற்கைப் படத்தைப் பார்ப்பவர் அந்தக் காட்சி நடந்தது என்று நம்பியே பார்க்கிறார். அந்த நம்பிக்கைக்குக் குச்சி இடையூறே இல்லை. புதருக்குள் வாழும் பறவையின் முன்னால் குச்சி இருப்பது இயல்பு.

கேள்வி: மழைக்காலத்திற்குப் பின் லென்ஸுக்குள் வலை போன்ற மெல்லிய கறை தெரிகிறது. துடைத்தால் போகவில்லை.
– வாசகர் ஒருவர்

பதில்: அது பூஞ்சையாக இருக்கக்கூடும். உட்புறக் கண்ணாடியில் படர்வதால் வெளியே துடைத்துப் பயனில்லை. பழுதுபார்ப்பவரிடம் விரைவாகக் கொடுங்கள். நாட்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். இனி நடை முடிந்து வந்தவுடன் ஈரமான கேமராவைப் பைக்குள் வைத்து மூடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருப்பது நல்லது. அதற்கான சிறிய அளவுமானி ஒன்றை உள்ளேயே போட்டுவைக்கலாம். ஜெல் ஈரம் உறிஞ்சி நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம்.